ஜீப் வண்டியின் பிறப்பும் உரிமையும்

நான்கு சில்லுகளும் ஒருங்கே உந்தப்பெறும் சிறுவண்டி எதனையும் 'ஜீப்' என்றே நாம் அழைத்துவிடுகிறோம். அப்பெயருக்குரிய வண்டியை முதன்முதலிற் சமைத்தவர் யார் என்ற வினாவை நம்மிற் பலர் எழுப்பியதில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சொந்தமாய், பிற்ஸ்பேர்க் நகர நூதனசாலையொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்ட பழைய இராணுவ வண்டியொன்று அவ்வினாவுக்கு விடை பகர்கின்றது. 1940ஆம் ஆண்டு செய்யப்பட்ட அது, எஞ்சியுள்ள ஜீப் வண்டிகளுள் மிக மூத்ததாகக் கருதப்படுவது. நம்மூரில் 'பாட்டா' என்பது போன்ற ஒரு செல்லப்பெயரையும் அதற்குச் சூட்டியிருக்கின்றனர்.

1940 யூலையில், பிரான்சின் வீழ்ச்சியாற் கலங்கிய அமெரிக்க இராணுவம், 135 கொம்பனிகளிடமிருந்து கேள்விப்பத்திரம் கோரிற்று. வண்டியின் நிறை 1300 இறாத்தலுக்கு மேற்படலாகாது; மாதிரி வண்டி 49 நாட்களில் வந்து சேர்தல் வேண்டும். உண்மையாக முன்வந்தவை இரண்டே கொம்பனிகள்: பென்சில்வேனியாவின் பட்லர் என்னும் சிற்றூரிலிருந்த பன்ரம், மற்றது ரொலிடோவின் வில்லிஸ். பன்ரமோ அப்போது ஏறத்தாழ வங்குரோத்து நிலையில் இருந்தது. வரைபடம் வரையப் பொறியியலாளர்தாமும் அங்கு இல்லை. டெற்றோயிற்றிலிருந்து அழைக்கப்பட்ட கார்ல் புரொப்ஸ்ற் என்பவர், ஒப்பந்தம் கிடைத்தாலன்றிக் கூலியில்லை என்ற நிபந்தனைக்கு உடன்பட்டு, இரண்டே நாட்களில் அமைப்பை வரைந்து முடித்தார். நிறை பற்றிய நிபந்தனை நடவாதது என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் கேள்விப்பத்திரத்தில் 1300க்குக் குறைவாகவே எழுதினர்! செய்து முடித்த வண்டி 1800 இறாத்தலுக்கும் மேற்பட்டது; இராணுவமும் அதனை ஏற்றுக்கொண்டது.

செப்டெம்பர் 23ஆந் திகதி மாலை, தவணைக்கு அரைமணி நேரமே இருக்க, மேரிலாந்திலுள்ள ஹோலபேர்ட் முகாமை வண்டி சென்றடைந்தது. புரொப்ஸ்ற்றின் பெயரைச் சரித்திரம் குறித்துவைத்தது. தகட்டை வளைத்தும் ஒட்டியும் இரவுபகலாய் உழைத்த பட்லர்த் தொழிலாளரின் பெயர்களைத் தேடுவோர் அருகியே காணப்படுவர்.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. பன்ரத்தின் வரைபடங்களை இராணுவம் வில்லிசுக்கும் போட் கொம்பனிக்கும் கையளித்தது. அரசாங்கப் பணத்திற் செய்யப்பட்டமையால் அவை அரசின் உடைமை என்பது ஒரு நியாயம். பல்லாயிரக்கணக்கில் வண்டி செய்துதரச் சிறு கொம்பனியால் இயலாது என்பது மற்றொன்று. இரண்டும் ஆதாரமற்றவை என்று நாம் கூறமாட்டோம். வில்லிசின் 60 பரிவலு இயந்திரம் பன்ரத்தினதிலும் வலியது என்பதும் மெய்யே. எனினும், பொதுப்பணத்தால் விளைந்தது பொதுவுடைமை என்ற அந்தத் தத்துவம் பெருமுதலாளிகளின் வாயிலைத் தாண்டி அப்பாற் செல்லவில்லை. யுத்தம் முடியுமுன் வில்லிசும் போட்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. பன்ரம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றிற் பெரும்பாலானவை பிரித்தானியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்றன. தான் ஈன்ற வண்டியின் பின்னாற் பூட்டும் இழுவைப்பெட்டிகளைச் செய்வதே பின்னர் அதற்கு வாய்த்த வேலை. பன்ரமும் இலாபத்துக்கு நடந்த கொம்பனிதான். அதன் முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால், அங்கு வேலையை நம்பியிருந்த ஊர் ஒன்று உண்டு.

ஜீப்பைப் படைத்தவர் தாமே என வில்லிஸ் யுத்தகாலத்தில் விளம்பரஞ் செய்தது. 1943இல் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அதன்மேற் குற்றஞ்சாட்டிற்று. இராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து அக்கருத்தைத் தோற்றுவித்தது பன்ரமே என்ற முடிபு 1948இல் வெளிவந்தது. ஆயினும், 1950இல் 'ஜீப்' என்ற பெயர் வில்லிசின் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. ஆறாண்டுகளில் பன்ரம் ஓர் உருக்குக் கொம்பனியின் கைக்கு மாறி மறைந்தது. பட்லர் மக்கள் 2011இல் தம் ஊரில் பன்ரம் ஜீப்புக்கென ஒரு விழாவைத் தொடங்கினர்.