ஜாதித் தலைவரும் சட்டசபையும்

தூத்துக்குடிப் பரதவர்களுக்குச் சட்டசபை வருவதற்கு வெகு காலம் முன்பே பிரதிநிதி ஒருவர் உண்டு. ஜாதித் தலைவர் என்று பெயர்; பரம்பரைப் பதவி. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவருமே முத்துக்குளிப்பு என்றால் அவரைத்தான் கூப்பிட்டுப் பேசினார்கள். பனிமய மாதாவுக்கு 1806-ல் பொன் தேர் செய்து கொடுத்தவரும் ஒரு ஜாதித் தலைவர்தான்.

1920-ல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று 5 ஸ்தானங்கள் ஒதுக்கினார்கள். 1937-ல் மொத்தம் 215-ல் 8 ஆயிற்று. ஆனால் ஓட்டு யாருக்கு? வரி கட்டுகிறவனுக்கு, சொத்துள்ளவனுக்கு, பிறகு எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு. கல்லில் காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறவனிடம் இதில் எது இருக்கும்? மூச்சுக்கு வரி போட்டிருந்தால் அவனுக்கும் ஓட்டுக் கிடைத்திருக்கும்!

அந்தக் கரையைச் சேர்ந்த ரோச் விக்டோரியா 1949-ல் உணவு, மீன்வள மந்திரியானார். ஊருக்குப் பெருமைதான், ரோச் பூங்கா இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. ஆனால் அந்தச் சபையும் 1946-ல் பழைய ஓட்டர் பட்டியலை வைத்து அமைந்ததுதான்.

1952 பொதுத் தேர்தலில்தான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. மந்திரிக்கு ஒன்று, முத்துக் குளிப்பவனுக்கு ஒன்று, கரையில் காத்திருக்கும் அவன் மனைவிக்கும் ஒன்று. அடுத்த பத்தாண்டுக்குள், 1961-ஓடு, முத்துக்குளிப்பே நின்றுபோயிற்று.