கொடைக்கானலும் காவலூரும்: விண்மீன் வேதியியல் வரலாற்றில் கோடும் அளவும்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்திற்குப் பின், சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டோ என்னும் வினா காலனிய அரசின் கவனத்தைப் பெற்றது. அன்றைய மதுரை மாவட்டத்திலிருந்த கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் நிலைபெற்றதற்கு அவ்வினாவும் ஒரு காரணம். மழையைக் கருதித் தோன்றிய அம்மரபு, இயல்புக்கு மாறான விண்மீன்களின் வேதியியலுக்கு வந்து சேர்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடைக்கானலில் 1904 முதல் கால்சியத்தின் கே கோட்டில் சூரியன் படம்பிடிக்கப்பட்டு வந்தது. சூரிய நிறமாலையில் மிக வலிய கோடுகளுள் அது ஒன்று. ஆயினும் சூரியனில் நான்கு லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு கால்சியம் அணுகூட இல்லை. கோட்டின் வலிமை தனிமத்தின் அளவை நேரடியாகக் காட்டுவதில்லை. வெப்பநிலையும் அயனியாக்கமும் அதில் பங்கேற்கின்றன. 1920இல் மேகநாத் சாகா வகுத்த சமன்பாடு இதனை விளக்கிற்று. அதனைக் கொண்டு 1925இல் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி எனக் கணித்தார். எனினும், அம்முடிவு உண்மையாக இருக்க இயலாது என்று தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. 1929இல் ரஸ்ஸல் அதனை ஏற்றார்.

இவ்விதி நிலைபெற்ற பின்னரே விதிவிலக்கு பொருள் பெற்றது. 1795இல் பிகாட் கண்டறிந்த ஆர் கொரோனே போரியாலிஸ் என்னும் விண்மீனின் வெப்பநிலை ஏறத்தாழ 6,800 கெல்வின். அந்நிலையில் ஹைட்ரஜன் கோடுகள் தெளிவாகத் தோன்ற வேண்டும். அவையோ மிக நலிந்துள்ளன, கார்பன் கோடுகளோ மிகுந்துள்ளன. எனவே இங்குக் குறைந்திருப்பது கோடு மட்டுமன்று, தனிமமே என 1935இல் பெர்மன் காட்டினார்.

1960இல் கொடைக்கானல் ஆய்வகப் பொறுப்பேற்ற வைணு பாப்பு, விண்மீன் ஆய்வுக்கெனச் சவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தார். 1972இல் அங்கு ஒரு மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கிற்று. இம்மரபில் வந்த என். காமேஸ்வர ராவ், டேவிட் லாம்பர்ட்டுடன் இணைந்து இவ்வகை விண்மீன்களின் தனிம அளவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பின்னர்க் கஜேந்திர பாண்டேயும் இவ்விருவரும் அவற்றுட் சிலவற்றில் புளூரின் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் கண்டனர். இரு வெண்குறு விண்மீன்கள் ஒன்றிணைந்து இவை தோன்றின என்னும் கருத்துக்கு அது வலுச்சேர்க்கிறது.

கொடைக்கானலைச் சூரிய ஆய்வின் வரலாறாக மட்டும் எழுதுவது இத்தொடர்ச்சியை மறைத்துவிடும். அங்கு நாள்தோறும் பதிவான ஒரு கோட்டை எவ்வாறு வாசிப்பது என்னும் அதே வினாவே, காவலூரில் வேறு விண்மீன்களை நோக்கித் திரும்பியது.