முப்பதும் முப்பதும்

2003 மே 1ஆம் தேதி வேல்ஸ் தேசிய மன்றத்துக்கு நடந்த இரண்டாவது தேர்தலில் 60 பேர் தேர்வானார்கள். 30 பெண்கள், 30 ஆண்கள். உலகின் வேறெந்தச் சட்டமன்றத்திலும் அதற்குமுன் இந்தச் சமநிலை கண்டதில்லை. ஓட்டுப்போட வந்தவர்கள் நூற்றுக்கு 38 பேர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சரித்திரம் நிகழ்ந்த அன்று வேல்ஸில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்த எண்ணிக்கையைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் என் காதில் விழுகின்றன. சமூகம் பக்குவப்பட்டுவிட்டதன் அடையாளம் என்பது ஒன்று. கட்சிக்காரர்களின் ஜோடனை, இயல்பாக விளைந்ததல்ல என்பது மற்றது. முதலாவதோடு அதிகம் மல்லுக்கட்டத் தேவையில்லை. 1918இல் பெண்கள் பார்லிமெண்டுக்குப் போட்டியிடும் உரிமை பெற்றது முதல் 1997 தேர்தல் வரை வேல்ஸ் லண்டனுக்கு அனுப்பிய பெண்கள் மொத்தம் 4 பேர். நிலக்கரிச் சுரங்கம், தொழிற்சங்கம், கிறித்துவ ஜெபக்கூடம் – அந்த நாட்டின் பொதுவாழ்வு உருவான மூன்று இடங்களிலும் மேடை ஆண்களுடையது. எண்பதாண்டுகளில் வராத பக்குவம் ஆறே ஆண்டுகளில் பொங்கி வழிந்தது என்பது நம்பக்கூடியதாக இல்லை.

இரண்டாவது பேச்சுதான் யோசிக்க வைப்பது. ஜோடனை என்பது உண்மை. 1999இல் நடந்த முதல் தேர்தலுக்கு லேபர் கட்சி தன் 40 தொகுதிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொரு இணைக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று வேட்பாளர்களைத் தேர்ந்தது. கட்சிக்குள் பெரும் சண்டைக்குப் பிறகே இது நிறைவேறியது. பெண்களை மட்டுமே கொண்ட வேட்பாளர் பட்டியல் சட்டவிரோதம் என்று 1996இல் தீர்ப்பாயம் ஒன்று சொல்லியிருந்ததால் இப்படிச் சுற்றுவழி தேட வேண்டியிருந்தது. 2002இல் சட்டம் திருத்தப்பட்டது; 2003இல் சில தொகுதிகளில் அத்தகைய பட்டியலே வந்தது. வேல்ஸ் தேசியவாதிகளான ப்ளைட் கம்ரி கட்சியினர் மண்டலப் பட்டியல்களின் முதலிடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் இயல்பு என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? 2001 பார்லிமெண்டுத் தேர்தலில் வேல்ஸின் 40 தொகுதிகளில் லேபர் 34ஐ வென்றது. அவர்களில் பெண்கள் 4. இரண்டாண்டு கழித்து, எல்லை மாறாத அதே 40 தொகுதிகளில் அதே கட்சி 30ஐ வென்றது, பெண்கள் 19. மண் அதே மண். வாக்காளர்களும் அவர்களேதான். தகுதி இரண்டாண்டில் பூமியிலிருந்து முளைத்துவிடவில்லை. மாறியது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அறையில் நடந்த காரியம் மட்டுமே. அப்படியானால் அந்த 34க்கு 4 என்பதும் யாரோ செய்த ஜோடனைதான். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. இத்தகைய ஏற்பாடு எதையும் விரும்பாத கன்சர்வேடிவ் கட்சிக்கு அந்த மன்றத்தில் 11 பேர்; பெண்கள் 2.

குறையும் சொல்ல வேண்டும். அந்த 60 பேருக்கும் முழுமையான சட்டமியற்றும் அதிகாரம் அப்போது கிடையாது. லண்டன் இயற்றும் சட்டங்களுக்குள் விதிகள் செய்யலாம், பணத்தைப் பங்கிடலாம். அதிகாரம் மெலிந்த இடத்தில் சமத்துவம் எளிதாக நுழைகிறது என்று ஒருவர் சொன்னால் என்னால் சுலபமாக மறுக்க முடியாது. இருந்தும் மன்றத்தின் அலுவல் மாலை 5.30க்குள் முடிய வேண்டும் என்று விதி எழுதியவர்கள் வீடு என்ற ஒன்று இருப்பதை அறிந்தவர்கள். 2007 ஏப்ரல் 1 முதல் வேல்ஸில் மருந்துச்சீட்டுக் கட்டணம் ஒழிந்தது. அது இந்த மன்றத்தின் காரியம்.

இனி ப்ளைனாய் க்வென்ட். அன்யூரின் பெவன் நின்று வென்ற மண். 2002இல் எஃகாலை மூடப்பட்ட பள்ளத்தாக்கு. 2005 பார்லிமெண்டுத் தேர்தலுக்கு அங்கே பெண் வேட்பாளர்தான் என்று லேபர் தலைமை முடிவு செய்தது. தேசிய மன்றத்தில் அத்தொகுதியின் லேபர் உறுப்பினரான பீட்டர் லா கொதித்தெழுந்தார், சுயேச்சையாக நின்றார். 2001இல் 19,313 வாக்கு வித்தியாசத்தில் லேபர் வென்ற தொகுதியில் 9,121 வாக்கு வித்தியாசத்தில் அக்கட்சியைத் தோற்கடித்தார். அவரைப் பெண்விரோதி என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். ஆலையை இழந்த ஊர், வேட்பாளரைச் சொல்லும் உரிமையையும் தலைமை பறித்ததாகக் கருதியது. அந்தக் கோபம் நேர்மையானது என்றே எனக்குப் படுகிறது. அது போய் விழுந்த இடம்தான் வேறு.

லா கட்சியிலிருந்து நீக்கப்பட்டதும் மன்றத்தில் லேபர் 29 ஆயிற்று, பெரும்பான்மை போயிற்று. 2006 ஏப்ரலில் அவர் இறந்தார். ஜூன் 29 இடைத்தேர்தலில் மன்றத் தொகுதியில் அவர் மனைவி ட்ரிஷ் லா சுயேச்சையாக வென்றார். பெண்கள் 31, ஆண்கள் 29. பெண்களுக்கென்று ஒதுக்கிய பட்டியலை எதிர்த்துப் புறப்பட்ட கலகம், மன்றத்தில் பெண்களைப் பெரும்பான்மையாக்கி முடிந்தது. ஒரு நாவலாசிரியன் இதை எழுதியிருந்தால் செயற்கை என்று நாமே கிழித்திருப்போம்.

2007 தேர்தலில் பெண்கள் 28 ஆனார்கள். 2011இலும் 2016இலும் எண்ணிக்கை அந்தப் பாதியை எட்டவில்லை. எந்தத் தீர்மானமும் இதற்குத் தேவைப்படவில்லை. கட்சிகளின் பிடி கொஞ்சம் தளர்ந்தது, போதும். மன்றத்தை 96 பேராகப் பெருக்கும் சட்டம் 2024இல் நிறைவேறியபோது, வேட்பாளர் பட்டியலில் பாதியாவது பெண்கள் இருக்க வேண்டும் என்று தனியே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது மன்றத்தின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது என்று சபாநாயகர் கருத்துத் தெரிவித்தார். செப்டம்பரில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சபாநாயகர் எலின் ஜோன்ஸ், 2003இன் 30 பெண்களில் ஒருவர்.