நர்சுகள் எழுதிவைத்த கணக்கு

மருத்துவமனைக் கட்டிலில் தொங்கும் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல், நாடி ஆகியவற்றோடு, நோயாளி அன்று கழித்த சிறுநீரின் அளவும் அதில் இருக்கும். இப்படிப்பட்ட கணக்கு ஒன்று ஒரு சிகிச்சை முறையையே காட்டிக் கொடுத்தது என்றால் நம்புவீர்களா?

இதயத்தின் இடது கீழறை திடீரெனத் தளர்ந்தால், நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை அதனால் வெளியேற்ற முடிவதில்லை. இரத்தம் பின்தங்குகிறது, அதன் நீர் காற்று நுண்ணறைகளில் கசிகிறது. நோயாளியால் படுக்க முடியாது. எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பார். உடலுக்குள்ளேயே நீரில் மூழ்குவது போன்ற நிலை இது. முற்கால மருத்துவர்கள் இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் வடித்தார்கள். கை கால்களில் பட்டை கட்டி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுத்தார்கள். நீரை வெளியேற்ற நல்ல வழி இல்லை.

1919-இல் வியன்னாவில் ஆல்பிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய் கண்ட ஓர் இளம்பெண்ணுக்குப் பாதரச ஊசி போட வேண்டியிருந்தது. அவர் கேட்ட பாதரச உப்போ நீரில் கரையாதது! (மாணவர்தானே, தெரியவில்லை.) அந்த மருந்து கிடைக்காததால், கைக்குக் கிடைத்த ‘நோவாசுரால்’ என்னும் புதிய பாதரச மருந்தைப் போட்டார். அந்த வார்டு நர்சுகள் சிறுநீரை நாள்தோறும் அளந்து எழுதி வந்தார்கள். ஊசி போட்ட நாள்களில் அளவு பல மடங்கு ஏறியிருந்தது, நிறுத்தியதும் இறங்கியது. பின்னர் இதயம் தளர்ந்து உடல் வீங்கிய ஒரு நோயாளிக்கு அதே ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே நாளில் சுமார் 10 லிட்டர் சிறுநீர் பிரிந்தது!

பாதரசம் நஞ்சுதான், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஆனாலும் சுமார் நாற்பது ஆண்டுகள் மருத்துவர்கள் அதை விடவில்லை. 1950-களின் இறுதியில் குளோரோதயசைடு மாத்திரையும், 1960-களில் ஃபுரோசமைடும் வந்த பிறகே அது ஒதுங்கியது.

சரி, மூச்சுத்திணறல் ஆஸ்துமாவாலா, இதயத்தாலா? லென்னக் 1816-இல் கண்டுபிடித்த ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தால், நீர் தேங்கிய நுரையீரலின் அடிப்பகுதியில் மெல்லிய நொறுநொறுப்பு கேட்கும். ஆனால் காது ஏமாறலாம். இதய அறைகள் விரிந்து இழுபடும்போது சுரக்கும் ‘பி.என்.பி.’ என்ற பொருளை இரத்தத்தில் அளப்பது இன்று கைகொடுக்கிறது. ஜப்பானிய அறிஞர்கள் 1988-இல் அதை முதலில் கண்டெடுத்தது, வேடிக்கையாக, பன்றியின் மூளையில்!

நோய் உறுதியானதும் ஃபுரோசமைடு நரம்பில் ஏற்றப்படுகிறது. தேவைப்படுவோருக்கு ஆக்சிஜனும் தரப்படுகிறது. பிறகு சிறுநீரை அளக்கிறார்கள். முதல் 6 மணி நேரத்தில் மணிக்கு 100 மி.லி.க்குக் குறைவாகப் பிரிந்தால் மருந்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறது 2021-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி. அந்த அளவை அட்டையில் குறிப்பவர் இன்றும் நர்சுதான்.