"முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்": இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது?

"புது மவுஸா? முதல்ல எட்டு மணித்தியாலம் சார்ஜ்ல போடுங்க. அதுக்குப் பிறகு பெட்டரி முழுசா இறங்கினா மட்டும் திரும்பப் போடுங்க."

வயரில்லாத மவுஸ் வாங்கப் போனால் நமது ஊர்க் கடைகளில் இன்றும் இந்த அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் பெரியவர்களும் இதைத்தான் சொல்வார்கள். போனுக்கும் இதுதான், லெப்டொப்புக்கும் இதுதான். சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது சரியான அறிவுரைதான். ஆனால் அது பிறந்தது வேறொரு பெட்டரிக்காக. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

மவுஸ் பிறந்தபோது சார்ஜ் என்ற பேச்சே இருக்கவில்லை. 1964 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை கொடுக்க, அவரோடு வேலை செய்த பொறியியலாளர் பில் இங்கிலிஷ் மரத்தில் ஒரு சிறிய பெட்டியைச் செய்தார். அடியில் இரண்டு சில்லுகள், மேலே ஒரு பொத்தான், வால் போல ஒரு வயர். 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோவில் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்கள். வயர் இருக்கும்வரை பெட்டரி தேவையில்லை. தேவையான மின்சாரமும் அதன் வழியாகவே வந்துவிடும்.

அந்த வயர் போன பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. 1991 இல் லொஜிடெக் நிறுவனம் வானொலி அலையில் இயங்கும் மவுஸை விற்பனைக்கு விட்டது. அப்போது உள்ளே உருண்டது ஒரு பந்து. அதற்குப் பெரிய மின்சாரம் தேவைப்படவில்லை. 1999 இல் மைக்ரோசொப்ட்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வந்தது. பந்துக்குப் பதிலாக அடியில் சிவப்பு வெளிச்சமும், மேசையின் மேற்பரப்பை ஒரு செக்கனுக்கு 1,500 தடவை படம் பிடிக்கும் சிறிய கமராவும் இருந்தன. அது வயர் உள்ள மவுஸ் என்பதால் கவலையில்லை. அதே தொழில்நுட்பம் வயரில்லாத மவுஸுக்குள் வந்தபோதுதான் பெட்டரிக்குச் சுமை ஏறியது. 2002 இல் லொஜிடெக்கின் எம்எக்ஸ் 700 ஒரு தாங்கியோடு வந்தது. இரவில் மவுஸை அதில் வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு ஏஏ அளவு பெட்டரிகளும் சார்ஜ் ஆகும்.

இங்கேதான் அந்தப் பழைய அறிவுரை மவுஸைப் பிடித்துக்கொண்டது. அதன் மூலம் நிக்கல் கட்மியம் பெட்டரி. 1899 இல் சுவீடனைச் சேர்ந்த வால்டமார் யுங்னர் கண்டுபிடித்தது. 1980 களில் கோட்லெஸ் போன், வீடியோ கமரா, ஆரம்பகால லெப்டொப் என்று எங்கும் இதுதான். இந்தப் பெட்டரிக்கு "ஞாபகம்" உண்டு என்று சொன்னார்கள். விண்ணில் சுற்றும் செய்மதிகளில் இது ஒவ்வொரு நாளும் துல்லியமாக ஒரே அளவுக்கு இறங்கி, திரும்பவும் ஏறும். இப்படியே நீண்ட காலம் நடந்தால், அந்த எல்லையைத் தாண்டும்போது அழுத்தம் குறைந்துவிடும். அதற்கு மருந்து, இடைக்கிடை முழுசாக இறக்கி ஏற்றுவது.

எட்டு மணித்தியாலக் கதைக்கும் காரணம் உண்டு. அக்காலத்து மலிவான சார்ஜர்கள் மிக மெதுவாகவே மின்சாரத்தைக் கொடுத்தன. பெட்டரி நிறைய ஒரு இரவே வேண்டும். ஆக இரண்டு அறிவுரைகளுக்கும் அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது.

பிறகு பெட்டரி மாறியது. 1980 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் ஜோன் குடினஃப், லித்தியம் கொபோல்ட் ஒக்சைட்டை நேர்முனைக்குப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் கிரெனோபிளில், மொரோக்கோவின் பெஸ் நகரில் பிறந்த ரஷீத் யஸமி, லித்தியம் காரீயத்துக்குள், அதாவது கிராபைட்டுக்குள், போய்த் திரும்பி வரமுடியும் எனக் காட்டினார். இன்றும் பெரும்பாலான லித்தியம் பெட்டரிகளின் எதிர்முனை கிராபைட்தான். 1991 இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பெட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019 இல் குடினஃப், விட்டிங்ஹாம், யொஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர்வதில்லை. யஸமி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2014 இல் பொறியியலின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான டிரேப்பர் பரிசை குடினஃப், யொஷினோ, நிஷி ஆகியோருடன் அவரும் பெற்றார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெயர் அது.

2004 இல் லொஜிடெக் எம்எக்ஸ் 1000 மவுஸுக்குள் லித்தியம் அயன் பெட்டரி வந்தது. அன்றோடு அந்தப் பழைய அறிவுரை அப்படியே தலைகீழாகிவிட்டது. இந்தப் பெட்டரிக்கு அந்த "ஞாபகம்" பற்றிய கவலை வேண்டாம். இதற்கு ஆகாதவை மூன்று: முழுசாக இறங்கிக் கிடப்பது, எந்நேரமும் நூறு வீதத்தில் நிற்பது, சூடு. முழுசாக இறங்கி மாதக்கணக்கில் கிடந்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பெட்டரியைத் துண்டித்துவிடும். பிறகு சார்ஜ் ஏறாமலே போகலாம். நீண்ட விடுமுறைக்கு முன் அலுமாரியில் பூட்டிய மவுஸ், திறக்கும்போது உயிரில்லாமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம். நாம் அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குகிறோம். இன்றைய விலையில் ஒரு குடும்பத்துக்கும் ஒரு பாடசாலைக்கும் அது சின்னச் செலவல்ல.

2015 இல் அப்பிள் தனது மேஜிக் மவுஸ் 2 இன் சார்ஜ் துளையை அடிப்பக்கம் வைத்தது. சார்ஜில் இருக்கும்போது பாவிக்க முடியாது. உலகமே சிரித்தது. ஆனால் இரண்டு நிமிடம் போட்டால் ஒன்பது மணித்தியாலம் பாவிக்கலாம் என்றது நிறுவனம். அதாவது தேநீர் குடிக்கும் நேரத்தில் கொஞ்சம் போட்டால் போதும். லித்தியம் பெட்டரிக்குப் பொருத்தமான பழக்கமும் அதுதான்.

நமது பழக்கங்களுக்கும் வரலாறு உண்டு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் வந்தவுடன் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் நூறு வரை ஏற்றினோம். அன்று அதுதான் புத்தி. இன்று அதே அவசரம் தேவையில்லை.

இனிச் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உள்ளேயே பெட்டரி உள்ள மவுஸ் என்றால் 20 வீதத்துக்குக் கீழே போகவிடாமல், 80 வரை ஏற்றினால் போதும். முதல் நாளே பாவிக்கலாம். வெயில் விழும் ஜன்னலோரத்திலும் காருக்குள்ளும் வைக்கவேண்டாம். பல நாள் பாவிக்காவிட்டால் அரைவாசி சார்ஜில் சுவிட்சை நிறுத்தி வையுங்கள். உடம்பு வீங்கிய மவுஸைச் சார்ஜ் போடவே வேண்டாம்.

ஏஏ பெட்டரி போடும் மவுஸ் என்றால் விடுமுறைக்கு முன் பெட்டரியைக் கழற்றுங்கள். அல்கலைன் பெட்டரி கசிந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். கொஞ்சம் வினாகிரியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பல மவுஸ்கள் திரும்பவும் வேலை செய்யும். சாதாரண அல்கலைனைச் சார்ஜரில் போடக்கூடாது.

பெரியவர்கள் சொன்னதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது எந்தப் பெட்டரிக்குச் சொன்னது என்று ஒரு தடவை கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வியைப் பழக்குங்கள்.

உங்கள் வீட்டில், பாடசாலையில் என்ன பழக்கம்? கீழே எழுதுங்கள்.