பத்தில் ஒரு பங்கும் கணிப்பொறியும்



பத்துக் காசும் இருபது காசும் சேர்ந்தால் முப்பது காசு. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, அது 0.3-க்குச் சமமா என்று கணிப்பொறியைக் கேட்டால், பெரும்பாலும் 'இல்லை' என்றே விடை வரும். மிக விரைவாகக் கணக்கிடும் பொறி இச்சிறு கணக்கில் ஏன் இடறுகிறது? அதன் வரலாற்றை இன்று காண்போம்.

ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவின்றி நீளும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். எங்கோ ஓரிடத்தில் நாம் நிறுத்தியாக வேண்டும். நாம் பத்தை அடியாகக் கொண்டு எண்ணுகிறோம். கணிப்பொறியோ இரண்டை அடியாகக் கொண்டு, 0, 1 என்னும் இரு இலக்கங்களால் எழுதுகிறது. அம்முறையில் பத்தில் ஒரு பங்கு 0.000110011... என்று முடிவின்றி ஓடும். பொறியில் இடம் அளவானது. ஆகவே, அது வாலை வெட்டிவிட்டு, உண்மை எண்ணுக்கு மிக அருகிலுள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது.

மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய எண்களையும் ஒரே அளவு இடத்தில் எழுதப் புள்ளியை நகரவிடும் முறையை 'மிதப்புப் புள்ளி' முறை என்பர். 1941-இல் பெர்லினில் கொன்ராட் சூசே அமைத்த இசட்-3 பொறியிலேயே இம்முறை இருந்தது. பின்னர் வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் விருப்பப்படி இதனை அமைத்தன. ஒரே கணக்கு இரு பொறிகளில் இரு விடை தந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க, பேராசிரியர் வில்லியம் கஹான் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1985-இல் ஐ.இ.இ.இ. 754 என்னும் பொதுத் தரம் வெளிவந்தது.

பொதுத் தரம் வந்ததால் வால் வெட்டுதல் நின்றுவிடவில்லை. அதனால் நேரக்கூடிய தீங்கை 1991-இல் உலகம் கண்டது. வளைகுடாப் போரின்போது, பிப்ரவரி 25-ஆம் நாள், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை தாக்கியது. 28 வீரர்கள் மாண்டனர். அதனைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் அமைப்பு, காலத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி வந்தது. அப்பின்னத்தை 24 இரும இலக்கங்களில் வெட்டி எழுதியதால், ஒவ்வொரு முறையும் சுமார் 0.000000095 நொடி பிழை. நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில் அது ஏறத்தாழ 0.34 நொடியாக வளர்ந்துவிட்டது. அந்நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானை அடைந்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கணித அறிஞர் ராபர்ட் ஸ்கீல் 1992-இல் விளக்கியபடி, காலத்தைத் துல்லியமாக மாற்றும் புதிய முறை மென்பொருளின் சில இடங்களில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. இரு நேரங்களிலும் ஒரே பிழை இருந்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது பெரிதும் நீங்கியிருக்கும். ஒன்றைப் பழைய கோலாலும் மற்றொன்றைப் புதிய கோலாலும் அளந்து ஒப்பிட்டதே வினையாயிற்று.

எனவே, இரு பின்ன எண்களை ஒப்பிடும்போது 'இரண்டும் ஒன்றா?' என்று கேட்பதைவிட, 'இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏற்கத்தக்க அளவுக்குள் இருக்கிறதா?' என்று கேட்பதே பெரும்பாலும் தக்கது. அந்த அளவும் எல்லா எண்ணுக்கும் ஒன்றாக இருத்தல் கூடாது. பொன் நிறுக்கும்போது பொருட்படுத்தும் வேறுபாட்டை அரிசி மூட்டை நிறுக்கும்போது நாம் பொருட்படுத்துவதில்லை அல்லவா? அதுபோல, எண் பெரிதானால் விடும் இடைவெளியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். ஆனால், சுழியத்தின் அருகில் இவ்விகிதம் பயன்படாது. அங்கே நிலையான ஒரு சிறு எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். பணக் கணக்கென்றால் இன்னும் எளிது: வெள்ளியை விட்டுக் காசாக, முழு எண்ணாகவே எண்ணினால், பத்தும் இருபதும் என்றும் முப்பதுதான்.

நேயர்களே, பொறி தரும் விடையில் பதினாறு இலக்கங்கள் நிற்கலாம். அவற்றுள் எத்தனையை நம்பலாம் என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமை. அக்கேள்வியை நம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்திலேயே பழக்குவோம்.