ஆற்றுப்படையும் 'அம்ம அறியான்' படமும்

திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாமைப் பற்றி எழுத வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, பத்துப்பாட்டோடு காலம் தள்ளும் அடியேனுக்குத் தயக்கம்தான். அவருடைய 'அக்கிரகாரத்தில் கழுதை' படத்தைப் பற்றி நம் திரைப்படச் சங்க அன்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த வாசல் வழியாகவே நுழைகிறேன்.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறியவனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் சொல்கிறான். அவற்றுள் என் நெஞ்சுக்கு நெருக்கமானது பொருநராற்றுப்படை. வெண்குதிரை நான்கு பூட்டிய தேரைக் கொடுத்த கரிகாலன், தாற்றுக்கோலின் முள்ளையும் களைந்து, பொருநன் பின்னே ஏழடி நடந்து வந்து வழியனுப்புகிறான். தேரைவிட அந்த ஏழடியே பெரிது என்பேன், உரையாசிரியர்கள் பொறுத்தருள்க.

வள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதலில் ஊருணி, பழமரம், மருந்துமரம் என்று மூன்று உவமைகளை அடுத்தடுத்து வைத்தார். மூன்றும் செல்வனுக்கே. செல்வன் இல்லாத இடத்தில் ஊரே ஊருணி ஆகுமா?

ஆகும் என்று காட்டியது கோழிக்கோட்டில் 1984இல் தொடங்கிய ஒடேசா என்னும் திரைப்பட இயக்கம். ரித்விக் கட்டக்கிடம் புனேயில் பயின்ற ஜானும் தோழர்களும் ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டார்கள். பார்த்தவர்கள் இயன்றதைக் கொடுத்தார்கள். இப்படிச் சேர்ந்த காசில் 1986இல் எழுந்தது 'அம்ம அறியான்'. போட்ட பணம் திரும்ப வரும் என்று கொடுத்த கை அல்ல அது.

கதையும் ஓர் ஆற்றுப்படைதான். வயநாட்டில் இறந்துகிடந்த ஹரி என்னும் தபலா கலைஞனின் சாவை அவன் தாய்க்குச் சொல்ல, புருஷன் என்னும் பெயருடைய இளைஞன் கொச்சிக்குப் புறப்படுகிறான். வழியில் நண்பர்களின் வீடுகளில் ஏறி இறங்குகிறான். ஒருவர் அடுத்தவரைக் காட்டுகிறார். பாணர்போல் காட்டிவிட்டு நின்றுவிடாமல் தாமும் கூட நடக்கிறார். கொச்சி நெருங்குகையில் அது ஒரு கூட்டம்.

மறு ஆண்டே, 1987 மே 31 அன்று, ஜான் மறைந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை.

மாற்று சினிமாவுக்குக் கரிகாலன் வரப்போவதில்லை, அன்பர்களே. விழா முடிந்ததும், சந்தா பாக்கி வைத்திருப்போர் (அடியேனும் அப்பட்டியலில் உண்டு) வாசலில் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போவோம்.